நடுக்கடலில் கட்டிய குடிசை

முப்பது வயதுக்கு மேல்தான் நான் கடலைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் அல்சூர் ஏரி. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஏரிக்கரை வந்துவிடும். வெயில் காலத்தில் பாசி நாற்றம் வீடு வரைக்கும் வரும். அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

ஐந்தாவது வரை படித்தேன். அப்பா போனதும் பாலிஷ் வேலைக்குப் போனேன். பிரேசர் டவுனில் ஒரு மரச்சாமான் கடை. தேய்க்கிறது, வார்னிஷ் அடிக்கிறது, காய்ந்ததும் மறுபடி தேய்க்கிறது. அந்த வேலைதான் என்னைத் துபாய்க்குக் கொண்டு போனது. அங்கே படகுப் பட்டறையில் வார்னிஷ் வேலை. ஒரு டச்சுக்காரர் தன் சின்னப் படகைக் கொண்டுவந்து விட்டார். வேலையைப் பார்த்தார். மறுநாள் வந்து, என்னிடம் இன்னொரு படகு இருக்கிறது, பெரியது, பாய் கட்டி ஓடுவது, வருகிறாயா என்று கேட்டார். அது அட்லாண்டிக் கடலில், கானரித் தீவில் நிற்கிறது என்றார். எனக்கு அந்தக் கடலும் தெரியாது, தீவும் தெரியாது. சரி என்றேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பெங்களூரில் அப்போது கையில் போன் வைத்திருப்பவரைத் தெருவே வேடிக்கை பார்க்கும்.

படகு இரண்டு பாய்மரம் உள்ளது. முழுக்க மரம். குளிர்காலம் பூராவும் துறையில் நிறுத்தி அதைத் தேய்த்தேன். என்னோடு இன்னொருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர். பாய் போட்ட தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். பாய்மரத்தில் ஏறினால் சொந்த வீட்டு மாடிக்கு ஏறுகிற மாதிரி ஏறுவார். அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் என்னை என் பேரால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"ஏல பெங்களூரு, கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு கப்பலுக்கு வந்திருக்கியே. ஒங்க ஊர்ல தண்ணியாவது இருக்கா?"

"ஏரி இருக்குது அண்ணே."

"ஏரில என்ன ஓடுது?"

"ஞாயித்துக்கெழம போட்டிங் வுடுவாங்க. மிதிக்கறது."

"மிதிக்கிறதா? சைக்கிளா ஓட்டுதீங்க தண்ணில?"

அதற்கு அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

பங்குனி மாதம் கிளம்புவது என்று ஆயிற்று. கானரித் தீவிலிருந்து தெற்கே கேப் வெர்டே தீவுகள் வரைக்கும். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும், ஒரு வாரத்தில் போய்விடலாம் என்றார் டச்சுக்காரர். அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கு விமான டிக்கெட். அதுதான் பேச்சு.

கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டுக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு என்றால் எங்கள் வாசலுக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு. தெருவில் பாதி வீட்டுக்கு அந்த நம்பர்தான் நம்பர். பூத்துக்காரர் கன்னடக்காரர். எல்லோரிடமும் அவரவர் பாஷையில் பேசுவார்.

"குரு, ஸ்வல்ப இரு. அக்காவக் கூப்பிடறேன்" என்றார். எங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் குருதான். போனை மேசை மேல் வைத்துவிட்டு அங்கிருந்தே கத்தினார். தெருச் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டது. ஆட்டோ. குழாயடியில் குடம் உருள்கிற சத்தம். யாரோ யாரையோ திட்டினார்கள். கார்டில் காசு போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

அக்கா மூச்சு வாங்க வந்தாள்.

"டேய், நீயே பண்ணிட்டியா. உன்ன எப்படிப் புடிக்கறதுன்னு தவிச்சுகினு இருந்தேன். பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா."

பாப்பா என்றால் அக்கா மகள். ஒரே மகள். ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எப்போ?"

"காலையில தான். மூலையில உக்கார வச்சிருக்கேன். நீ கெளம்பி வா."

"நாளைக்குப் படகு எடுக்கறாங்க அக்கா."

"எடுக்கட்டும். நீ எறங்கி வா. தாய்மாமன் நீதான குடிசை கட்டணும்? எனக்கு வேற யாரு இருக்கறா?"

"பரீட்சை வருதே அவளுக்கு."

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும்டா. நீ வந்து பச்சை கட்டி, தண்ணி ஊத்தாம அவள எப்படி வெளிய வுடறது? இவுங்க வீட்டு ஆளுங்க இன்னா சொல்வாங்க? தம்பி இருந்தும் இல்லாதவன்னு சொல்லமாட்டாங்க?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு."

கார்டு தீர்ந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எனக்காகக் காத்திருக்காதே, அவளைப் பரீட்சைக்கு அனுப்பு. அதைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் முறை இதுதான். பெண் உட்கார்ந்தால் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டவேண்டும். அதில் அவளை உட்கார வைக்கவேண்டும். மாமன் முன்னால் நிற்கத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாமன் கொண்டுவந்த புடவையைக் கட்டி வெளியே விடவேண்டும். மாமன் வர லேட்டானால் பெண் காத்திருக்கும். ஒன்பது நாள், பதினொரு நாள் என்று தள்ளுவார்கள். ஆனால் கடல் நடுவில் இருக்கிற மாமனுக்கு எத்தனை நாள் தள்ளுவது?

அப்போது ஏழாவதுக்கு பப்ளிக் பரீட்சை. எழுதாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில். எங்கள் தெருவில் ஒரு வருஷம் நின்ற பெண்கள் திரும்பப் போனதை நான் பார்த்ததில்லை. என்னையும் ஒரு வருஷம் என்றுதான் நிறுத்தினார்கள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் புது கார்டு வாங்கி மறுபடி போட்டேன். மணி அடிக்கவே இல்லை. தெருவில் எங்கேயாவது பள்ளம் தோண்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் பள்ளம் தோண்டினால் போன் செத்துவிடும். துறையில் டச்சுக்காரர் கயிறு அவிழ்க்கக் காத்திருந்தார். இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அங்கிருந்து பெங்களூர் வர என் கையில் வழி இல்லை. ஏறினேன்.

முதல் இரண்டு நாள் வாந்தி. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. அப்புறம் தெளிந்துவிட்டது.

தெளிந்ததும் பார்த்தேன். அப்படி ஒரு நீலம் நான் எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் பார்த்ததில்லை. பின்னாலிருந்து அலை தூக்கும். படகு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். பாயில் காற்று இருக்கும்போது எஞ்சின் சத்தம் கிடையாது. மரம் மட்டும் முனகும். நான் தேய்த்த மரம். எந்த இடத்தில் முனகுகிறது என்று எனக்குத் தெரியும். காலையில் மேல்தளத்தில், ராத்திரி பறந்து வந்த பறவைக்கோலா மீன் விழுந்து கிடக்கும். அண்ணன் பொறுக்கி மிளகாய்த்தூள் போட்டுப் பொரிப்பார். படகின் பின்பக்கம் ஒரு வாழைத்தார் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பச்சைக் காயாக வாங்கியது. ஒரே நாளில் எல்லாம் பழுத்துவிட்டது. காலையிலும் பழம், மதியமும் பழம், ராத்திரியும் பழம்.

"பழனிக்குப் போனாக்கூட இவ்வளவு பழம் திங்க முடியாதுல" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"என்னல, துறைய விட்டதுலேருந்து பாக்குதேன். மூஞ்சி சரியில்ல. வீட்டு நெனப்பா?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"மாமன் இல்லாம வெளிய விடமாட்டாளா ஒங்கக்கா?"

"மாட்டா."

"பரீட்சை எப்போ?"

"திங்கக்கெழம ஆரம்பம்."

"அதுக்குள்ள தீவுக்குப் போயிரலாம்ல. வாடை இப்படியே அடிச்சா சனிக்கெழம நங்கூரம் போட்டுரலாம். எறங்கி போன் போடு. இதுக்குப் போயி அழுவானேன்."

"அழலியே."

"ஆமா, நீ அழுதாலும் ஒன் மூஞ்சில தெரியாது."

அன்றைக்குச் சாயந்திரமே காற்று குறைந்தது. மறுநாள் காலையில் சுத்தமாக நின்றுவிட்டது. பாய் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. நாங்கள் எறிந்த வாழைப்பழத்தோல் படகுக்குப் பக்கத்திலேயே நின்றது. மதியம் பார்த்தேன். அங்கேயேதான் நின்றது.

"இந்தப் பருவத்துல இப்படி நிக்காது. நின்னுட்டு" என்றார் அண்ணன்.

டீசல் கொஞ்சம்தான் இருந்தது. துறைக்குள் நுழைய மட்டும் போதும். எஞ்சினைப் போட்டாலும் தீவு எட்டாது.

அண்ணன் டச்சுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவருடைய இங்கிலீஷ் தோணியில் கற்றது. ஆனால் தைரியமாகப் பேசுவார். பெண், குடிசை, பச்சை இலை, தண்ணீர், பரீட்சை என்று கை காட்டிக் காட்டிச் சொன்னார். டச்சுக்காரர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

அடைக்கவில்லை, உட்கார வைத்திருக்கிறார்கள் என்றேன். அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மூலையில் ஒரு பாய், தனித் தட்டு, தனி டம்ளர், காத்து கருப்பு அண்டாமல் பக்கத்தில் ஒரு இரும்பு. உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் அவளுக்குத்தான். தெருப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் வைத்திருப்பார்கள். கதவு தாண்ட மட்டும் விடமாட்டார்கள். இதற்கெல்லாம் என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

டச்சுக்காரர் கீழே போய் ரேடியோவைப் போட்டார். தினம் சாயந்திரம் அவர் அதில் பேசுவார். அக்கம்பக்கத்துப் படகுகள் பேசும், தீவில் ஒரு அம்மாள் பேசுவார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர் என்று அப்புறம் தெரிந்தது. வீட்டு மாடியில் ரேடியோ வைத்துக்கொண்டு, வருகிற படகுகளை எல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார். வெளிநாட்டுக்குப் போன் பேச அவர் தபாலாபீசுக்குத்தான் நடக்கவேண்டும். நடக்கிறேன் என்றார். பூத்து நம்பர் எனக்கு மனப்பாடம். சொன்னேன். உங்கள் தம்பி சொல்கிறார், பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்புங்கள், காத்திருக்க வேண்டாம். இதுதான் சேதி.

மறுநாள் சாயந்திரம் பதில் வந்தது. போன் கிடைத்தது, உன் அக்கா வந்தாள், பூத்துக்காரர் இங்கிலீஷில் சொன்னார் என்றார் அந்த அம்மாள். அக்கா சொன்ன பதில் இது. நீ யார் என்று எனக்குத் தெரியாது. என் தம்பி அப்படிச் சொல்லமாட்டான். அவனை வரச் சொல்.

அண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஒங்கக்கா லேசுப்பட்டவ இல்லல."

"அவ சொல்றதும் சரிதான அண்ணே. எவளோ ஒருத்தி போன்ல சொன்னா எப்படி நம்புவா?"

"நம்புறது இருக்கட்டும். நீ என்ன சொல்லி அனுப்புன? அனுப்புக்கா, காத்திருக்காதக்கான்னு கெஞ்சிருக்க. மாமன் கெஞ்சலாமால? நீ அவளுக்குத் தம்பி. அந்தப் புள்ளைக்கு யாரு?"

"மாமன்."

"பொறவென்ன? மாமன் வந்து கட்டணும்னா சொல்லிருக்கு, மாமன் கட்டணும்னுதான சொல்லிருக்கு? கட்டு."

"எங்க கட்டறது?"

"இங்கன."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விடிந்ததும் அவர் போய்ச் சின்ன ரப்பர் படகின் துடுப்புகளை எடுத்து வந்தார்.

மேல்தளத்தில் முன்பக்கம் கட்டினோம். துடுப்பு இரண்டையும் சாய்த்துக் கூம்பு மாதிரி நிறுத்தினார். துறையில் கொக்கி போட்டு இழுக்கிற நீளக் கம்பை நடுவில் போட்டார். அவர் முடிச்சு போட்டால் அவிழாது. கூரைக்குக் கிழிந்த பழைய பாய்த்துணி. உள்ளே ஒரு சின்னப் பிள்ளை குனிந்து உட்காரலாம், அவ்வளவுதான் உயரம்.

பச்சை வேண்டும். ஓலைக்கு எங்கே போவது? வாழைத்தாரில் இலை கிடையாது, காம்பும் கருத்துவிட்டது. அந்தப் படகில் பச்சை என்று இருந்தது ஒன்றே ஒன்று. சமையல் மேடை ஓரத்தில் டச்சுக்காரர் ஒரு தொட்டியில் துளசி மாதிரி ஒரு செடி வைத்திருந்தார். உருண்டு விழாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். அவர் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் வைத்து அதற்கு ஊற்றுவார். சாப்பாட்டில் அதிலிருந்து ஒரு இலை போட்டால் அன்றைக்கு அவருக்கு விசேஷம் என்று அர்த்தம். நான் அதைக் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமே இல்லை.

அவர் மேலே வந்து நாங்கள் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே போனார். கத்தரிக்கோலால் முழுச் செடியையும் வெட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

பாய்த்துணியின் மேல் அதைச் செருகினேன். இரண்டு பக்கமும் வருகிற மாதிரி. அண்ணன் வேதக்காரர். குடிசைக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணே இது?"

"எங்க வீட்டுலயும் பொம்பளப் புள்ளைங்க இருக்குல. எல்லாச் சாமியும் பாக்கட்டும். இங்கன வேற எவன் இருக்கான் பாக்க?"

தண்ணீர் ஊற்றவேண்டும். டச்சுக்காரர் வாளியைக் கடலில் விடப் போனார். வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீரைப் பெண் தலைக்கு ஊற்ற மனசு வரவில்லை. காற்று நின்றதிலிருந்து குடிதண்ணீர் அளந்துதான் குடித்துக்கொண்டிருந்தோம். என் பங்கிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் குடிசையின் மேல் ஊற்றினேன். பாப்பா பேரைச் சொல்லி ஊற்றினேன். தண்ணீர் துணியில் இறங்கி, நான் வார்னிஷ் அடித்த பலகையில் சொட்டியது.

மூன்று பேரும் அதன் முன்னால் நின்றோம். சுற்றிலும் எங்கேயும் ஒன்றும் இல்லை. தண்ணீர், வானம், நடுவில் அந்தக் குடிசை. அதை விளையாட்டு என்று நான் அதற்கப்புறம் நினைக்கவில்லை.

சாயந்திரம் ரேடியோவில் நானே பேசினேன். அந்த அம்மாளுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். இங்கிலீஷ் வேண்டாம், பூத்துக்காரரும் வேண்டாம், இதை அப்படியே என் அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். குடிசை கட்டியாச்சு. தண்ணி ஊத்தியாச்சு. மாமன் சொல்றேன், ஸ்கூலுக்கு அனுப்பு. அவர் திருப்பிச் சொன்னார். நான் திருத்தினேன். மறுபடி சொன்னார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம் போல. அலுக்காமல் சொன்னார். கடைசியில் எங்கள் தெருக்காரி மாதிரியே வந்துவிட்டது.

அதோடு பேட்டரி படுத்துவிட்டது. காற்றில் சுற்றி மின்சாரம் கொடுக்கிற காற்றாடி ஒன்று இருந்தது. காற்றில்லாமல் அது சுற்றவில்லை. மிச்சம் இருந்த மின்சாரத்தை விளக்குக்கு வைத்துக்கொண்டார் டச்சுக்காரர். பதில் கேட்க வழி இல்லை.

சனி போயிற்று. ஞாயிறு போயிற்று. நான் சின்னச் சின்ன வேலையாகத் தேடிச் செய்தேன். தேய்க்கத் தேவையில்லாத இடத்தையும் தேய்த்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "ஓட்ட போட்டுராதல" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை காலையில் பெங்களூர் நேரத்தை அவரிடம் கேட்டேன். அவர் விரலை மடக்கிச் சொன்னார். அங்கே பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். பாப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், பெஞ்சிலா மூலையிலா என்று தெரியாமல் நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். கடலைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு நாள்தான்.

மதியத்துக்கு மேல் வாழைத்தார் ஆடியது. அண்ணன்தான் முதலில் பார்த்தார். அப்புறம் பாயில் ஒரு சுருக்கம் எடுத்தது. அப்புறம் வாடை வந்தது. குடிசையைப் பிரித்தோம். முடிச்சை அண்ணனே அவிழ்த்தார். இலைகள் அதற்குள் காய்ந்திருந்தன. அவற்றைக் கடலில் விட்டேன்.

தீவு முதலில் மேகம் மாதிரி தெரிந்தது. அப்புறம் சாம்பல் மலை. மரமே இல்லை. காய்ந்த மண் வாசனை கடல் வரைக்கும் வந்தது. அத்தனை நாள் உப்பு வாசனைக்குப் பிறகு அந்த மண் வாசனை வந்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

துறையில் ரேடியோ அம்மாள் நின்றிருந்தார். கையில் குடை. என்னை எப்படிக் கண்டுபிடித்தாரோ, நேராக என்னிடம் வந்தார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "குடிசை கட்டியாச்சு" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். நான் கேட்டது ஒன்றுதான். அக்கா என்ன சொன்னாள்?

ஒன்றும் சொல்லவில்லை. நான் மூன்று வரியையும் சொன்னேன். அப்புறம் போனை வைத்துவிட்டாள். அதுதான் அவர் சொன்னது.

நேராகத் தபாலாபீசுக்குப் போனேன். தரை நின்ற இடத்தில் நிற்கவில்லை, ஆடியது. பூத்துக்காரர் எடுத்தார்.

"குரு, எங்க இருக்கீங்க? அந்த பாரின் அம்மா யாரு? நல்லா தமிழ் பேசறாங்க."

"அக்காவக் கூப்பிடுங்க. இல்ல, இருங்க. எங்க பாப்பாவப் பாத்தீங்களா?"

"உங்க அக்கா பொண்ணா? காலையில போச்சே. பரீட்சை அட்டைய கையில வச்சுகிட்டு. நேத்தும் போச்சு. ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்.

அக்கா வந்தாள். இந்தத் தடவை ஓடி வரவில்லை. மெதுவாக வந்தாள் போல, நேரம் ஆயிற்று.

"எதுல கட்டின?" என்றாள்.

"துடுப்புல."

"பச்சை?"

"ஒரு செடி இருந்துச்சு. துளசி மாதிரி."

"தண்ணி?"

"நல்ல தண்ணிதான் அக்கா. குடிக்கற தண்ணி."

தெருச் சத்தம் கேட்டது.

"அந்தம்மா குடிசைன்னு சொன்னப்ப ஒடம்பே சில்லுன்னு ஆயிடுச்சுடா. அது நீ சொல்லாம யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கெழம விடியக்காலயில நானே தண்ணி ஊத்தி, திங்கக்கெழம அனுப்பிட்டேன். இவுங்க வீட்டுல ஒருத்தரும் என்னோட பேசல."

"பேசுவாங்க."

"சரி, வந்து சேரு. வந்தப்புறம் ஊரக் கூட்டி ஒழுங்கா பண்ணிடலாம். இது பரீட்சைக்கோசரம் பண்ணது. கணக்குல சேராது."

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாம்பழக் காலம். அண்ணன் வேறு படகில் ஏறி மேற்கே போய்விட்டார். போகும்போது, "மிதிக்கிற கப்பல்ல பத்திரமா போ" என்றார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அக்கா எல்லாம் பேசி வைத்திருந்தாள். தெருவை அடைத்துப் பந்தல். மைக் செட். தட்டு வரிசை. தென்னை ஓலைக்குச் சொல்லியாயிற்று. நான் வழியில் துபாயில் இறங்கிப் பட்டுப்புடவை வாங்கி வந்திருந்தேன். மயில் கழுத்துக் கலர். அதை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பாப்பா உள்ளேயிருந்து வந்தாள். நான் பார்க்காத ஒரு வருஷத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள். பாஸ் பண்ணியிருந்தாள். கணக்கில் மட்டும் மார்க் கம்மி.

"எனக்கு பங்ஷன் வேணாம்மா" என்றாள்.

"நீ சும்மா இருடி. பெரியவங்க பேசறோம்."

"மாமா கட்டிட்டாருல்ல? நீதான எல்லார்கிட்டயும் சொன்ன, கடல்ல என் தம்பி குடிசை கட்டிட்டான், முறை செஞ்சிட்டான்னு. அப்படி சொல்லித்தான என்ன ஸ்கூலுக்கு அனுப்பின? இப்ப மறுபடியும் கட்டுனா, அப்ப சொன்னது பொய்யா?"

"ஏய்."

"எங்க கிளாஸ் பசங்க எல்லாம் இந்தத் தெருவுலதான் போறாங்க. மைக்ல என் பேரச் சொல்வாங்க. நான் வரமாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நீ சொல் என்று பார்த்தாள்.

எனக்கு அவள் முகம் தெரியும். அப்பா போன பிறகு அந்த முகம்தான் எனக்கு வீடு. அவளுக்கு ஒரே மகள், ஒரே தம்பி. தெருவில் எத்தனை பந்தலுக்குப் போய் அவள் ஓரமாக நின்று அரிசி களைந்து கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் தன் வாசலில் பந்தல் நிற்கவேண்டும், தம்பி மாலை போட்டுக்கொண்டு முன்னால் வரவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அதில் தப்பு என்ன இருக்கிறது?

நடுவில் இருந்த புடவையை அக்கா பக்கம் நகர்த்தினேன்.

"அக்கா, அங்க காத்தே இல்ல. மூணு பேர் நின்னுகினு இருந்தோம். வெளையாட்டுக்குக் கட்டல. நெஜமாத்தான் கட்டினேன்."

"நான் வெளையாட்டுன்னு சொன்னனா?"

"அப்போ கட்டினது கட்டினதுதான்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது. பாப்பா என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கால் விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். எதிரே பூத்தில் யாரோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா வந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சாக்குச் சொல்லவில்லை. புடவையைப் பிரித்தாள். மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பாப்பாவைச் சுவர்ப் பக்கம் இழுத்து, பாவாடை மேலேயே அதைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கொசுவம் சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"வந்து எதிர்ல நில்லுடா. மாமன் பாக்கணும்."

நின்றேன். பாப்பாவுக்கு வெட்கம். புடவை தரையில் புரண்டது. "பெரிசா இருக்குது மாமா" என்றாள்.

"வளருவே" என்றேன்.

ஓலைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல அக்கா வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வருவதற்குள் அக்கா சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டாள்.